ஒரு தரையும் ஒரு தலையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் டிபன்கூட ஆகவில்லை. வாசலில் ஆட்டோ சத்தம். எட்டிப் பார்த்தால், பொம்மிடியிலிருந்து பெரியத்தை — என் மாமியாரின் அக்கா. கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"பாப்பா எங்கம்மா?"

"வூட்டுக்குப் பின்னால வெளையாடறா அத்தை."

"வெளையாடறாளா! இந்த நெலமையில வெளையாட வுட்டிருக்கியே, நீயெல்லாம் படிச்சவளா?"

எந்த நிலைமை? பெரியத்தை செல்போனை நீட்டினார். திரையில் என் மகள் யாழினி. தரையில் உட்கார்ந்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில்: 'யாழினிக்கு உங்கள் உதவி தேவை.'

எழுதியது யார்? வேறு யார்... நான்தான்.

யாழினி படிப்பது எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பறைத் தரை பெயர்ந்து கிடந்தது. பிள்ளைகள் ஜல்லியின் மேல்தான் உட்கார வேண்டியிருந்தது. மனு கொடுத்தோம், அது பரிசீலனையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். பத்திரிகையில் பத்தி வேறு எழுதுகிறேனா... ஹெச்.எம். மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆன்லைன்ல நிதி திரட்டறாங்களாமே, நீங்க ஒண்ணு போடுங்க மேடம்."

கடமை என்று வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். முதலில் தரையைப் படம் எடுத்தேன். ஏதோ வண்டித்தடம் மாதிரி இருந்தது. இதைப் பார்த்து யார் மனம் இளகும்? 'குழந்தையின் முகம் தெரியும் படம் வையுங்கள்' என்று அந்த வெப்சைட்டே யோசனை சொன்னது. அடுத்தவர் பிள்ளையைப் போடுவது தப்பில்லையா? சொந்தப் பிள்ளையைப் போட்டால் மட்டும் சரியா? குழம்பிக் குழம்பி, கடைசியில் யாழினியையே உட்கார வைத்தேன். ஐஸ் வாங்கித் தராத கோபத்தில் அன்று அவள் முகம் வெகு பொருத்தமாக இருந்தது.

படத்துக்குக் கீழே தரையைப் பற்றி உருக உருக எழுதியிருந்தேன். யார் படித்தார்கள்? செல்போனில் குழந்தை முகம், 'உதவி தேவை' என்று வந்தால் அது என்ன? ஆபரேஷன்தானே! சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் இண்டூரில் காய்ச்சலாகக் கிளம்பியது, பொம்மிடி போய்ச் சேர்வதற்குள் இருதயத்தில் ஓட்டையாகிவிட்டது.

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க அத்தை" என்று அடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு — சிரிக்காதீர்கள் — மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை பேர் சொல்கிறார்களே... ஒருவேளை?

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார். "பாப்பா நல்லா இருக்குதுங்க. உங்களுக்குத்தான் பிபி பாக்கணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா! பாப்பாவுக்குச் சரியானா அவ முடிய எறக்கறேன்னு கொலசாமிக்கு வேண்டிக்கிட்டேன். வேண்டின கையோட சரி பண்ணிடுச்சு."

"அத்தை, அவளுக்கு மொதல்லருந்தே ஒண்ணுமே இல்லீங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒண்ணுமே இல்லாம பண்ணிடுச்சு பாரு!"

இதற்கு நான் படித்த எம்.எஸ்சி., பி.எட்.டில் பதில் உண்டா?

யாழினிக்கு இடுப்பு வரை முடி. தானே இரட்டைப் பின்னல் போட இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறாள். பேச்சைக் கேட்டவள் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"நான் மொட்ட போட மாட்டேன்! நீதானம்மா போட்டோ புடிச்ச... நீயே போட்டுக்க!"

கதவுக்கு வெளியே நின்றேன். அவளைக் கேட்காமல் முகத்தை எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினேன். இப்போது கேட்காமல் முடியையும் எடுக்கலாமா?

"பெத்தவ குடுத்தா ஆகாதுங்களா அத்தை?"

பெரியத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆகும். ஆனா முழுசாக் குடுக்கணும். நாலு முடிய மட்டும் கத்தரிச்சிப் போட்டுட்டு வந்துடலாம்னு பாக்காத."

"நல்லா யோசிச்சியா?" என்றார் என் கணவர். உப்பு வாங்கக்கூட இரண்டு தடவை யோசிக்கிற நான், அன்று மட்டும் யோசிக்கவில்லை. யோசனை வந்தபோது குலசாமி கோயிலில் என் பாதித் தலை வழித்தாகிவிட்டது. பாதியோடு எழுந்து வர முடியுமா?

இதற்கிடையில் ஆன்லைனில் நிதி கேட்ட பக்கத்தையும் மாற்றினேன். யாழினி படத்தை எடுத்துவிட்டு, 'மூன்றாம் வகுப்புக்குத் தரை தேவை' என்று போட்டேன். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களுக்கு, குழந்தைக்கு நோய் எதுவும் இல்லை, வேண்டுமானால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று விளக்கி எழுதினேன். ஒருவர் பதில் போட்டார்: 'குழந்தை விரைவில் குணமடையட்டும்.'

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஈ ஓட்டியது.

ஆனால் என் தலை? பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளி வாசல்... எங்கே போனாலும் நிறுத்திக் கேட்டார்கள். "என்னங்க மேடம், என்ன வேண்டுதல்?" சொல்லாமல் நகர முடியவில்லை. தரையை விட்டுவிட்டுச் சொல்லவும் முடியவில்லை.

"அட, தரைக்கா மொட்ட!" என்று ரேஷன் கடை வரிசையே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "அவ்ளோ மோசமாவாங்க இருக்குது?" போய்ப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் சிமெண்ட் மூட்டை இறக்கினார். கொத்தனார் வேலை செய்யும் அப்பாக்கள் ஒரு சனிக்கிழமை சேர்ந்து வந்தார்கள். ஆன்லைனில் வந்திருந்த பணம் மீதிக்குப் போதுமானதாக இருந்தது.

உருக உருக எழுதினால் படிக்காத ஜனம், ஒரு மொட்டையை நின்று நிதானமாகப் படிக்கிறது. இத்தனை வருடம் பத்தி எழுதி என்ன கண்டேன்?

போன வெள்ளிக்கிழமை யாழினியை அழைத்துவரப் போயிருந்தேன். புதுத் தரையில் பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினார்கள். ஹெச்.எம். மேடம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "தரை சூப்பருங்க மேடம். அடுத்ததா டாய்லெட்டுக்கும் ஒரு பேஜ் போட்டுடலாங்களா?"

பக்கத்தில் நின்ற யாழினி சட்டென்று இரண்டு பின்னலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.