வாடைக் காற்றில் சித்தப்பா இறங்கிய நாள்

ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போனால் பேரன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். பக்கக் காற்றில் கோணலாக வந்து இறங்கும் விமானங்கள், ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நிற்கும் விமானங்கள், ஒன்று மாற்றி ஒன்று காட்டுவான். எல்லாம் முடிந்ததும், "தாத்தா, நீ பாத்த கதையச் சொல்லு" என்பான். நூறு தடவை சொல்லியாகிவிட்டது. நூறு தடவையும் அதில் நான்தான் கெட்டிக்காரன். எனக்கே அலுத்துப்போச்சு. நடந்தது நடந்தபடி ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் தேவலை.

நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்கு மாமல்லபுரத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் வண்டிகளில் நாலு என்னுடையது. ஐஸ் பாக்டரி என்னுடையது, எந்த எஞ்சினியரையும் கேட்காமல் நானே நின்று கட்டியது. காற்றைப் பற்றி நான் ஒன்று சொன்னால் மறுத்துச் சொல்ல இந்தக் கரையில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, கதைக்கு வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கல்யாணமான மூணாம் மாசமே துபாய்க்குப் போன சித்தப்பா, இரண்டு வருஷம் கழித்து வருகிறார். பம்பாயில் இறங்கி அங்கிருந்து வேறு விமானம். அப்பா, சித்தி, நான் மூணு பேரும் விடியலில் பஸ் ஏறி, தாம்பரத்தில் கரண்ட் ரயில் மாறி, மத்தியானம் ஏரோட்ராம் போய்ச் சேர்ந்தோம். சித்தி கையில் ஒரு தூக்கு. அதில் வறுத்த சங்கரா. அந்த மனுஷன் இரண்டு வருஷமாக நல்ல மீன் தின்றிருக்க மாட்டார் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள்.

அப்போதெல்லாம் டிக்கெட் வாங்கினால் மாடியில் கைப்பிடிக் கம்பியோரம் நின்று விமானம் இறங்குவதைப் பார்க்கலாம். கார்த்திகை மாசம். முந்தின நாள் மழையில் தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. கம்பத்தில் கட்டிய நீளமான துணிப்பை ஒன்று வடக்கேயிருந்து அடித்த வாடைக்காற்றில் விறைத்துக்கொண்டு நின்றது. ஓடுபாதையோ கிழக்கு மேற்காக இருந்தது.

எங்கள் கரையில் பக்கக் காற்று அடித்தால் கட்டுமரத்தை நேராகக் கொண்டுவர மாட்டார்கள். முனையைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு மாதிரி ஒருக்களித்தே வந்து, கடைசி அலை தூக்கும்போதுதான் நேராக்குவார்கள். முன்கூட்டியே நேராக்கினால் காற்று மரத்தை ஓரமாகத் தள்ளிக் கவிழ்த்துவிடும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் இது தெரியும்.

விமானம் அதே மாதிரிதான் வந்தது.

"அப்பா, நம்ம மரம் மாதிரியே வருது பாரு."

"ம்."

"இப்பவே நேராக்குறான்பா. காத்து தள்ளிடும். கவுந்துடும்பா இது."

"சும்மா கெட. ஏரோப்ளேன்னா அப்டித்தான் வரும்" என்ற அப்பா, சித்தியின் பக்கம் திரும்பி, "ஒன்னுமில்லம்மா, நல்லாத்தான் எறக்குறான்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷம் கடலுக்குப் போன ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே.

ஒரு பக்கத்துச் சக்கரம் முதலில் தொட்டது. தண்ணீர் புகை மாதிரி எழும்பியது. விமானம் தெற்கே வழுக்கி, ஓடுபாதையை விட்டு இறங்கி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டே போய் மூக்கைக் குத்தி நின்றது. சத்தம் அதற்கப்புறம்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. சித்தி தூக்கை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் "சொன்னேன்ல" என்றேன். அதையும் இரண்டு தடவை சொன்னேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா காக்கியில் இருந்தவரையெல்லாம் கும்பிட்டுக் கேட்டார். பெருக்கிக்கொண்டிருந்தவரையும் விடவில்லை.

கடைசியில் சித்தப்பா வந்தார். முழங்கால்வரை சேறு. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஒன்றும் இல்லை.

"ஒருத்தருக்கும் அடியில்லண்ணா. கதவுலேர்ந்து ரப்பர்ல சறுக்கிகினு எறங்கினோம்" என்றார். பிறகு சித்தியிடம், "இன்னா அப்டி முழிக்கிற? துபாய்லேர்ந்து நாத்து நடத்தான் வந்தேன்."

சித்தி தூக்கைத் திறந்து நீட்டினாள். நின்றபடியே தின்றார். ஒரு துண்டு கீழே விழுந்தது. அதையும் எடுத்துத் தின்றார்.

ரயிலில் சித்தப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். சித்தி என்னைக் கிட்டே இழுத்தாள்.

"நாக்க நீட்டுடா."

நீட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"கீது. ஓரத்துல கரி கீது பாரு."

அன்றிலிருந்து நான் கரிநாக்கு. சொன்னது பலித்துவிடுமாம். சித்தப்பா மறுபடி துபாய்க்குக் கிளம்பிய அன்று என்னைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். மரம் தள்ளும் நேரத்தில் பெண்கள் என் வாயில் முறுக்கை அடைத்தார்கள். எனக்கு வருத்தமே இல்லை. பிற்பாடு தொழிலில் இறங்கியபோது பாதிப் பேர் என் வாய்க்குப் பயந்தே பேரம் பேசவில்லை. அப்பனுக்குத் தெரியாத காற்று எனக்குத் தெரிந்தது என்று சொல்லியே நான் ஆளானேன். கேட்டவர்களிடம் அப்பாவும், "ஆமாம், அவனுக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிடுவார்.

அன்றைக்கு அதே ரயிலில் சித்தி அப்பாவையும் கேட்டாள்.

"கடல்லயே கீறவரு மாமா நீங்க. இந்தப் பொடியனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலயா?"

"ஆகாசத்துல எனக்கு இன்னாமா தெரியும்?"

நான் சிரித்தேன். அப்பா வேர்க்கடலை வாங்கி, எடுத்துக்கொள்ளச் சொல்லி வலது கையை என் முன்னால் விரித்தார். உள்ளங்கையில் அந்த மாடிக் கம்பியின் துரு பட்டையாகப் பதிந்திருந்தது. துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன தோல் ஒரு இடத்தில் உரிந்து ரத்தம் உறைந்திருந்தது. இவ்வளவு பெரிய ஏரோட்ராமில் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டு கடலையை வாரிக்கொண்டேன்.