வரிசைக்கு நடுவில் நின்ற தூண்

எங்கள் தெருவில் யாரிடமாவது செலாமி உஸ்தாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "அந்தக் கடவுள் இல்லாதவனா?" என்பார்கள். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது. முப்பத்தொரு ஆண்டுகளாக புர்சா நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கைதேர்ந்த தொழிலாளி, அதனால்தான் 'உஸ்தா'. அவன் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட ஆளோடு விழுந்ததில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

நான் அவனுடைய அக்கா, நெரிமான். ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு குளியல் துண்டு நெய்யும் ஆலையில், பிழை பார்க்கும் மேசையில் இருபத்தேழு ஆண்டுகள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபம் இன்னும் போகவில்லை, அதையும் ஒளிக்கப் போவதில்லை.

எங்கள் அப்பாவுக்கு இதயநோய் இருந்தது. ஹோஜா என்று சொல்லிக்கொண்ட ஒரு மதகுரு வந்து தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்து, மாத்திரைகளை நிறுத்தச் சொன்னான். அப்பா நிறுத்தினார். பதினோராம் நாள் போய்விட்டார். செலாமிக்கு அப்போது பத்தொன்பது வயது. அடக்கம் முடிந்து வந்தவன், அந்தத் தண்ணீர்ப் புட்டியைக் கழுவிக் காயவைத்து, என் தையல் இயந்திரத்துக்கான எண்ணெயை அதில் ஊற்றினான். "இப்பத்தான் இதால ஒரு உபயோகம் வந்திருக்கு" என்றான். அன்றோடு தொழுகையை விட்டான். நான் அன்றோடு அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரே சாவுதான், எங்களை இரண்டு பக்கம் அனுப்பியது.

இருவரும் ஒரே கட்டடத்தில் நான்காம் மாடியில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். ஐந்து மாடி, பத்து வீடு, கீழே ஒரு கடை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நிலநடுக்கத்துக்கு முன்பே கட்டியது.

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு செலாமி செய்தித்தாளிலிருந்து ஒரு துணுக்கை வெட்டுவான். லிஃப்ட் கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒட்டி, அடியில் பென்சிலால் ஒரு வரி எழுதுவான். ஆணும் பெண்ணும் லிஃப்டில் தனியாகப் போவது பாவம் என்று தொலைக்காட்சியில் ஒரு ஹோஜா சொன்ன செய்தியை லிஃப்டிலேயே ஒட்டினான். கீழே எழுதியது: "இந்த லிஃப்ட் நான்கு பேரை அல்லது முந்நூற்றிருபது கிலோவைத் தாங்கும். பாவத்தின் எடையைத் தயாரித்தவர்கள் குறிப்பிடவில்லை."

விஞ்ஞானிகளையும் விட்டுவைக்க மாட்டான். செவ்வாயில் தண்ணீர் இருந்த தடயம் கிடைத்தது என்று செய்தி வந்தபோது, "மூன்றாம் மாடியில் செவ்வாய்க்கிழமையிலிருந்து தண்ணீர் இல்லை. அங்கேயும் தடயம் மட்டும் இருக்கிறது" என்று எழுதினான். கடவுள் நம்பிக்கைக்கு ஒரு மரபணு இருக்கிறதாம் என்று வந்ததற்கு, "எனக்கு அந்த உதிரிபாகம் பொருத்தாமல் அனுப்பிவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?" என்று கேட்டிருந்தான்.

மக்கள் சிரித்தார்கள். திட்டிக்கொண்டே சிரித்தார்கள். இரண்டாம் மாடி ஷுக்ரான், படிக்கட்டில் இறங்கக் கூடியவள், அந்தச் சீட்டைப் படிக்கவே லிஃப்டில் போவாள்.

தென்கிழக்கில் பெரிய நிலநடுக்கம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. அது பாவிகளுக்கு வந்த தண்டனை என்று ஒரு பிரசங்கி சொன்னான். அன்றைக்கு செலாமியின் பென்சில் அழுத்தி எழுதியிருந்தது: "தண்டிக்க வந்த கடவுள், சிமெண்ட் குறைத்துக் கட்டிய வீடுகளை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்? இன்ஜினியர் யாரையாவது கூட்டி வந்தாரா?" அந்தச் சீட்டை ஹாஜி ரஸிம் கிழித்து எறிந்தார். தரைத்தளக் கடைக்குச் சொந்தக்காரர் அவர்தான். அதன் பிறகு எங்களுக்கு சலாம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அடுத்த ஆண்டு, அந்தக் கடையில் இருந்த மரச்சாமான் வியாபாரி காலி செய்தான். ஹாஜி அதைத் தொழுகைக் கூடமாக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. எங்கள் பள்ளிவாசல் மேட்டில் இருக்கிறது, என் முழங்கால் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்ட் குழியைப் பார்க்க இறங்கிய செலாமி, கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். நானும் கம்பளம் அளக்க அங்கே இருந்தேன். நடுத் தூணில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இது என்ன குறி?" என்றான்.

"இது போகுது உஸ்தா" என்றார் ஹாஜி. "தொழுகை வரிசை நடுவுல உடையுது. தோளோட தோள் ஒட்டி நிக்கணும். உனக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது."

"இது போச்சுன்னா தோளோட தோள் மட்டுமில்ல ஹாஜி. அஞ்சாவது மாடிக்காரரு உங்க தோள் மேலயே வந்து நிப்பாரு."

இதுதான் அவன் செய்த பிழை. வாய் பழகிவிட்டது. அங்கே சிரிப்பு வரவில்லை.

குடியிருப்பு நிர்வாகி ஃபிக்ரெத், மரியாதைக்கு நாங்கள் ஃபிக்ரெத் பே என்போம், குறுக்கே வந்தார். "எல்லாம் யோசிச்சாச்சு. மேல இரும்பு உத்திரம் குடுக்கறோம். கான்டிராக்டர் பார்த்துட்டாரு."

"அவரு என்ன படிச்சிருக்காரு?"

"என் மச்சான் அவரு."

"நல்ல படிப்பு."

"இங்க பாருங்க உஸ்தா, நீங்க லிஃப்ட் மெக்கானிக். தூணைப் பத்தி உங்களுக்கென்ன?"

செலாமி அப்போதுதான் குரலைத் தாழ்த்தினான். "லிஃப்ட் ஓடுற தண்டவாளத்துல தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். கீழ நாலு மில்லிமீட்டர் சாய்ஞ்சிருக்கு. போன வருஷம் ஒண்ணுமில்ல. கட்டடம் உக்காருது, ஃபிக்ரெத் பே. இதுல நடுத் தூணை எடுத்தா எல்லாரும் போயிடுவோம்."

"தொழுகைக் கூடம் வரக் கூடாதுன்னு உனக்கு" என்றார் ஹாஜி. "அத நேரா சொல்லு. மில்லிமீட்டர் கதையெல்லாம் வேணாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உடைப்பது என்று முடிவு செய்தார்கள்.

புதன்கிழமை அவன் நகராட்சியில் மனு கொடுத்தான். பதினைந்து வேலை நாளுக்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து, முழுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி லிஃப்டில் ஒட்டினான். வேடிக்கை இல்லை, துணுக்கு இல்லை. "வெள்ளிக்கிழமை நம் கட்டடத்தின் நடுத் தூணை வெட்டப் போகிறார்கள். கட்டடம் ஏற்கனவே சாய்ந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன், தடுத்து நிறுத்துங்கள். செலாமி."

அன்று மாலை லிஃப்டில் ஷுக்ரானோடு இறங்கினேன். அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னைக்கு நீளமா எழுதிட்டாரு. ஆனா அந்தச் செவ்வாய்க் கிரகம் மாதிரி வரல, நெரிமான் அக்கா."

"இது விளையாட்டு இல்ல ஷுக்ரான்."

"அதான் அக்கா, மூஞ்சிய இறுக்கமா வச்சிக்கிட்டு சொல்றதுதான் அவருக்கு அழகு."

மறுநாள் பார்த்தால், தாளின் அடியில் யாரோ சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்கள். நேரே ஹாஜியிடம் போனேன்.

"ஹாஜி, நம்ம ஊரு பெரிய பள்ளிவாசல், உலு ஜாமியில எத்தனை தூண்?"

"பன்னெண்டு. ஏன்?"

"அறுநூறு வருஷமா வரிசை அதைச் சுத்தித்தானே நிக்குது. யாராவது தூணை உடைச்சாங்களா?"

"அது சுல்தான் கட்டினதும்மா."

"அதையேதான் நானும் கேக்கறேன். சுல்தானுக்கே இடைஞ்சலா தெரியல. உங்களுக்கு என்ன?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தம்பி சொல்லிக் குடுத்து அனுப்பினானா?"

அறுபத்து மூன்று வயதில், என் மனதில் நானாக யோசித்த ஒரு வார்த்தைகூட எனக்குச் சொந்தமில்லை என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை செலாமியிடம் காட்டினேன்.

"எல்லாம் உன்னாலதான்டா! இத்தனை வருஷம் சிரிக்க வெச்ச. இப்ப நீ அழுதாலும் சிரிக்கறாங்க."

"சிரிக்கலன்னா நான் யாரையாவது அடிச்சிருப்பேன் அக்கா. அப்பா செத்ததிலிருந்து." அதைச் சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்க எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே அவன் நகராட்சிக்குப் போனான். இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன், இல்லாவிட்டால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. என் சமையலறை அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. செலாமி வரவில்லை. முகம் கை கால் கழுவி ஒளூ செய்து, முக்காடு கட்டி, தொழுகை விரிப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு தொழிலாளி தூணின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு உடைத்திருந்தான். ஹாஜியும் ஃபிக்ரெத் பேயும் வாசலில் நின்றார்கள். தூணை ஒட்டி, காபாவின் திசை பார்த்து விரிப்பைப் போட்டேன். கைகளை உயர்த்தித் தொழ ஆரம்பித்தேன்.

தொழுபவருக்குக் குறுக்கே எங்கள் ஊரில் யாரும் நடக்க மாட்டார்கள், எவ்வளவு அவசரமானாலும். தூணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடமில்லை. இயந்திரம் நின்றது.

"தொழறாங்க. முடியட்டும்" என்று ஹாஜியின் குரல்.

"எத்தனை ரக்அத் இருக்கும்?" ஃபிக்ரெத் பே கிசுகிசுத்தார்.

"மொத்தம் பத்து."

நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து, பத்து சுற்றும் முடிந்தது. முகத்தை இரு பக்கமும் திருப்பி சலாம் கொடுத்தேன். எழுந்து நின்று மறுபடியும் கையை உயர்த்தினேன்.

"இப்ப என்ன தொழறாங்க?"

"விடுபட்ட களா தொழுகையா இருக்கும்."

"எத்தனை நாள் களா?"

அந்த நான்கு ரக்அத்தை முடித்து சலாம் கொடுத்த பிறகு நானே பதில் சொன்னேன். "இருபத்தேழு வருஷத்து ஆலை ஷிப்ட்டு, ஃபிக்ரெத் பே. நாற்காலி இருந்தா போட்டு உக்காருங்க."

தொழும்போது மனதில் கோபம் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இருந்தது. குனியும்போதும் இருந்தது, நெற்றியைத் தரையில் வைத்தபோதும் இருந்தது. என் முழங்கால் வலியை இறைவன் மட்டும் அறிவான். என் தம்பி சொன்னால் பொய், ஃபிக்ரெத் பேயின் மச்சான் சொன்னால் உண்மை என்று நினைத்தவர்கள், நான் தொழுவதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மரியாதை எனக்குக் கசந்தது.

சும்மா உட்கார்ந்திருந்த தொழிலாளி, உதிர்ந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்துப் பார்த்திருக்கிறான். விரலால் நசுக்கினான் போலிருக்கிறது. அவன் எழுந்து வந்த காலடி கேட்டது.

"ஹாஜி, இதைப் பாருங்க."

"என்னது?"

"சிப்பி. கடல் மண்ணை அள்ளிக் கொட்டிக் கட்டியிருக்காங்க. உள்ள கம்பி பாருங்க, துருப்பிடிச்சுத் தகடு தகடா வருது. நான் ஹதாய்க்காரன், அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்த ஊரு. என் சித்தி வீட்டைத் தோண்டி எடுத்தப்ப இதே மாதிரிதான் இருந்துச்சு. கைல பிசைஞ்சா மாவு."

"அதுக்கு என்ன பண்ணலாம்ங்கற?"

"நான் இதைத் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க. அந்த அம்மாவையும் வெளிய வரச் சொல்லுங்க."

அவன் வயரைச் சுருட்டத் தொடங்கினான். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு செலாமி ஒரு பெண் இன்ஜினியரோடு வந்து சேர்ந்தான். அந்தப் பெண் பத்து நிமிடம் பார்த்தாள், இரண்டு இடத்தில் தட்டினாள், முகம் வெளுத்தது. மாலைக்குள் கூடம் முழுக்க இரும்புத் தாங்கிகள் நின்றன. இரண்டு மாதத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நானும்தான். வருத்தமில்லை. பத்து வீட்டிலும் ஆட்கள் உயிரோடு மூட்டை கட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டாரும் கூடினோம். ஃபிக்ரெத் பே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்தார்: "தொழுகைக் கூடம் அமைக்கும் நற்பணியின்போது, இறைவன் தன் அருளால் தூணின் குறையை நமக்குக் காட்டிக் கொடுத்தான்." ஷுக்ரான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். செலாமியும் பேனாவை எடுத்தான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். "போடாத."

"விடுக்கா. நிலநடுக்கத்துக்கெல்லாம் கடவுள் பேரைத்தான் சொல்றாங்க. இதாவது நல்லதா ஒண்ணு அவர் பேர்ல இருக்கட்டும்." சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றேன். "என் இறைவனுக்குத் திருட்டுப் பாராட்டு தேவையில்ல. அவன் காட்டினான்னா, செவ்வாய்க்கிழமை காலையில இவன் வாயால காட்டினான். நீங்க கேக்கல. அடிச்சிட்டு எழுதுங்க, ஃபிக்ரெத் பே."

"என்னன்னு எழுதறது, நெரிமான் அம்மா?"

"செலாமி உஸ்தா சொன்னாரு. லிஃப்ட்ல எழுதியும் ஒட்டினாரு. நாங்க சிரிச்சோம். அப்படியே எழுதுங்க."

"இது அரசாங்கத்துக்குப் போற புத்தகம்மா. 'சிரிச்சோம்'னு எப்படி…"

"சிரிச்சீங்களா இல்லையா?"

ஹாஜி ரஸிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான், தலை நிமிராமலே, "எழுதுய்யா" என்றார்.

ஃபிக்ரெத் பே எழுதினார். 'சிரித்தோம்' என்ற சொல்லைச் சின்னதாக எழுதினார். மற்ற எழுத்துகளின் அளவுக்கு மறுபடியும் எழுதச் சொன்னேன். எழுதினார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.