துணி கட்டாமல் போட்ட அந்தர்பல்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உயர்நிலை வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்த சமயம்.

எங்கள் டிரில் வாத்தியார் அந்த வருஷம் எங்களுக்குக் கரணம் போடக் கற்றுக்கொடுத்தார். ஆரம்பத்தில் நல்ல கவனமாகத்தான். நாடியை நெஞ்சோடு ஒட்டிவைத்துத் தரையில் உருளவே பல வாரம் பழகினோம். பிறகுதான் அந்தர்பல்டி. பலகையிலிருந்து எம்பிச் சாடி, ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மணல்குழியில் இறங்க வேண்டும். இடுப்பில் நீளத் துணி கட்டி, அதன் நுனிகளை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு வலப்பக்கம் எப்போதும் பிடித்தவன் கடற்கரையிலிருந்து வந்து படித்த ஒரு பையன். அதிகம் பேசமாட்டான். அப்பனோடு வலை இழுத்து உரமேறிய கை அவனுக்கு.

பள்ளி விழாவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். துணி கட்டினால் பார்க்க நன்றாயிராது என்று வாத்தியார் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். பிடிக்கிறவர்களும் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. காலையில் பெய்த மழையில் குழி மணல் இறுகிக் கிடந்தது. அந்தக் கடற்கரைப் பையன் காலால் மிதித்துப் பார்த்தான்.

"சார், மண்ணு கல்லுபோல கெடக்கு. கொத்திப் போட்டுட்டு சாடட்டும்."

"நேரமில்ல, தள்ளி நில்லு" என்றார் வாத்தியார்.

என் முறை வந்தது. ஈரப் பலகையில் கால் வழுக்கியது. தலைகீழாக விழுகிறேன் என்பது மட்டும் தெரிந்தது. என் பிடரிக்கடியில் ஏதோ முறிந்த சத்தம். என் கழுத்துதான் என்று நினைத்தேன். அது அவன் முழங்கை. ஓடிவந்து, என் தலைக்கும் மண்ணுக்கும் நடுவே கையை நீட்டியிருக்கிறான்.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு நொறுங்கிவிட்டிருந்தது. மெல்ல ஆறியது, ஆனால் கை பிறகு நிமிரவே இல்லை. அவன் பள்ளிக்கும் திரும்பவில்லை.

மழைக்காலம் கழிந்து ஒரு நாள் அவன் ஊருக்கு நடந்து போனேன். கட்டுமரங்கள் எல்லாம் கடலில் இருந்தன. ஆண்பிள்ளைகளில் அவன் ஒருவன்தான் கரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மை என்னைத் திட்டுவாள் என்று பயந்தேன். திட்டவில்லை.

"துடுப்பு போட வய்யாத கையி. இனி இவன் என்னத்தைச் செய்வான், பிள்ளே?" என்று என்னிடமே கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கரையாதல மக்கா" என்றான் அவன். "நான் யோசிச்சா கைய நீட்டினேன்? நீ விழுகதக் கண்டேன், ஓடினேன். அவ்வளவுதான்."

அடுத்த வருஷம் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிடும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடிகிறதே என்ற சந்தோஷத்துக்கு முன்னால், அவனுக்கு ஒன்றுமே செய்யாமல் போனேனே என்ற பாரம்தான் எனக்கு வருகிறது.