எழுதித் தரச் சொன்ன எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறத் தொடங்கி இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு, அவர்களுடைய வாழ்வை நான் அறிந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு முதல் வீட்டு நடப்புகளை நாள்வாரியாகக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அதில் ஒரு வரி தவறு. அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்தில், ஐப்பசி அடைமழையில், ஒரு புதன்கிழமை விடியற்காலை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தபோது குடும்பம் தூத்துக்குடிக்கு வந்தது. அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு இரண்டு. வாடகை வீடுகள் மூன்று மாறினோம். மூன்றிலும் அக்கா படித்தது அடுப்படி ஜன்னலுக்குக் கீழேதான், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் இரண்டாவதாகத் தேறினார்கள். நாகர்கோவிலில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், வெளியே போய்விட்டு மாலையில் வந்த அக்கா, "எனக்குப் படிக்க இஷ்டமில்ல" என்றார்கள். அப்பா எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். அம்மா விடவில்லை.

"ஏளா, கெடச்ச சீட்ட வேண்டாமுங்கியே, கொழுப்பா ஒனக்கு? ஒரு சீட்டுக்கு ஊரே அலையுது!"

குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் என் பத்து வயதுக் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அக்காவுக்குப் படிக்க விருப்பமில்லை."

அந்த ஆகஸ்டிலேயே துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களைத் தட்டச்சு செய்து, சுங்க அலுவலகத்துக்குக் கொண்டு போவது வேலை. சில மாதங்களில் அந்த உலகத்தின் சட்டம் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டில் சொல்வார்கள்: "ஏலே, காரணத்த எழுதிக் குடுக்காம அங்கன ஒரு பேப்பரயும் திருப்பி அனுப்ப முடியாது. வாயால சொன்னதெல்லாம் காத்தோட போச்சு." பால்காரரிடம்கூட ரசீது கேட்டுச் சண்டை போட்டவர்கள் எங்கள் அக்கா. அந்தப் பிடிவாதத்தால் சில உறவினர்கள் மனம் வருந்தியதும் உண்டு. அவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அரசின் கல்விக்கடன் ஒன்றுதான் வழி. செவ்வாய்க்கிழமை அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை வங்கிக்கு அழைத்துப் போனார்கள். தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழ் முதல் எல்லாவற்றிலும் மூன்று நகல் வைத்திருந்தார்கள்.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "சொந்த வீடு இல்லையாம்மா? பத்திரம் இல்லாம சிரமம். வேற பேங்க் பாருங்க."

"இந்தத் தொகைக்கு ஈடு கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு சார். இருந்தாலும் பரவாயில்ல. முடியாதுன்னு எழுதி, சீல் போட்டுக் குடுங்க."

"அப்படியெல்லாம் எழுதித் தரமாட்டோம்மா."

"அப்போ நீங்க இன்னும் முடியாதுன்னு சொல்லல சார்" என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வங்கி மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதே பெஞ்ச். பணம் போட வந்த மிளகாய் வத்தல் வியாபாரி அண்ணாச்சி ஒருவர், "எம்மா, நேத்தும் இங்கன இருந்த. பேங்க்ல வேலைக்குச் சேந்துட்டியா?" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார்கள். "சம்பளம் இன்னும் பேசல அண்ணாச்சி."

வியாழக்கிழமை காலை அதிகாரியே கூப்பிட்டார். "ஏம்மா இப்படி அடம்பிடிக்க?"

அக்கா நின்றபடியே சொன்னார்கள். "ஏழு வருஷத்துக்கு முன்ன நர்சிங் சீட்டோட இதே கவுண்டருக்கு வந்தேன் சார். அப்போ இருந்த சார் வாயால இல்லன்னாரு. நானும் சரி சார்னு போயிட்டேன். எழுதிக் கேக்கணும்னு எனக்கு அப்பத் தெரியாது."

அதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதிகாரி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார். கடன் பரிசீலனையில் இருப்பதாகக் கல்லூரிக்கு ஒரு கடிதமும் மாலைக்குள் தந்தார். வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கல்லூரியில் இடத்தை எனக்காகப் பிடித்து வைத்தார்கள். இரண்டு வாரத்தில் கடன் வந்தது.

வங்கி வாசலில் கேட்டேன்: "எக்கா, அப்போ வீட்ல ஏன் பொய் சொன்ன?"

"நெசத்தச் சொல்லிருந்தா அப்பா கந்துவட்டிக்கு வாங்கிருப்பாரு. வாரந்தோறும் ஒருத்தன் வாசல்ல வந்து நிப்பான். வேண்டாம்ல. நீ ஒன் நோட்டுல மாத்திராத. அப்பா எடுத்துப் படிப்பாரு."

அப்பாவுக்கு என் குறிப்பேட்டை வாசிக்கும் பழக்கம் இருந்தது. நான் மாற்றவில்லை.

திருமணத்துக்குப் பின்பும் அக்கா அந்தப் பெஞ்சை விடவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொரு பேரை வங்கிக்கு அழைத்துப் போனார்கள். என் கடன் தீர்ந்த அன்று நான் இனிப்போடு போனால், "பாக்கி இல்லன்னு எழுதி வாங்கினியால?" என்றார்கள். வாங்கவில்லை. திரும்பிப் போய் வாங்கி வந்த பிறகுதான் இனிப்பைத் தொட்டார்கள்.

அப்பா காலமான மறு ஆண்டு அக்காவுக்குக் கணையத்தில் கட்டி கண்டது. கடைசி ஆறு வாரம் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டவர், அந்தப் பதினொரு பேரில் நர்சிங் படித்த பெண். "ஏளா, பாத்துக் குத்து. ஒனக்கு லோன் வாங்கித் தந்த கை" என்பார்கள் அக்கா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊசி போடும். எங்களால்தான் சிரிக்க முடியாது.

ஒரு மாலை கேட்டேன்: "எக்கா, என் நோட்டுல உள்ள அந்த வரிய இப்போ மாத்தலாமா?"

"நான் போனப்புறம் எழுது. சீல் வேணுமின்னா நம்ம சபை ஐயர்ட்ட கேளு."

அல்லும் பகலும் உடனிருந்த அத்தானுக்கும், செவிலியராக வந்த அந்த மகளுக்கும், ரத்தம் தந்த தெருப் பிள்ளைகளுக்கும், ஜெபித்த சபையாருக்கும், நாங்கள் பெயர் கேட்டு வைக்காமல் விட்ட அந்த வங்கி அதிகாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குறிப்பேட்டில் நான் எழுதிய வரி தவறு. எங்கள் அக்காவுக்குப் படிக்க விருப்பம் இருந்தது. இதை எழுதிக் கொடுக்கிறேன்.

தம்பி