என் கல்லைத் தொடாதீங்க

என் அக்காவுக்கு இடது கைப் பழக்கம். அவள் கணவருக்கு வலது கை. இதில் என்ன பெரிய கதை என்று கேட்பீர்கள். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்து காது புளித்துப்போன என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் காய் நறுக்குகிறவள். மாமா தச்சர். அவளுக்குக் கத்தி, அவருக்கு உளி. இரண்டுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே சாணைக்கல், தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிற வகை. விடிந்தால் அதை வைத்து ரகளைதான்.

"என் கல்லைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உளியை வச்சு ஒரு பக்கத்தையே கெடுத்து வச்சிருக்கீங்க!"

"ஆமா, நீ பட்டு மாதிரி வச்சிருந்தே, நான் வந்து கெடுத்துட்டேன்!"

ஒரு நாள் அக்கா அவருக்கென்று தனிக்கல்லே வாங்கக் கிளம்பிவிட்டாள். துணைக்கு நானும் போனேன். கடையில் ஒவ்வொரு கல்லாகத் தட்டிச் சத்தம் கேட்டாள், கட்டைவிரலால் தடவி நைஸ் பார்த்தாள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்குகிறது என்று பார்த்தாள். சண்டை போட்டுவிட்டு வந்தவள் அந்த மனுஷனுக்கு இத்தனை பார்த்து வாங்குவானேன்? கேட்டால் என் மேல் பாய்வாள்.

வீடு அமைதியானது. ஆனால் சில மாதங்களில் அக்காவின் கத்தி மக்கர் பண்ணியது. விரலில் பட்டால் வெட்டும், வெங்காயத்தை நறுக்கினால் மட்டும் துண்டுகள் பிரியாமல் மாலையாகத் தொங்கும். தலைமைச் சமையல்காரர் அந்த வெங்காய மாலையை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, இப்படியே போனால் பாத்திரம் கழுவுகிற பக்கம் மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை.

"கை போயிடுச்சுடி. கத்தியைப் பிடிக்காம நான் என்னடி பண்ணுவேன்?"

நேரே கீழே போய் மாமாவிடம் சொன்னேன். அவர் உடனே அவள் கல்லைத் துடைத்து, அதன் மேல் தன் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தார். ஒரு பாதியில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. பள்ளம். தன் கல்லையும் அப்படியே பார்த்தார். அதிலும் பள்ளம், ஆனால் மறுபாதியில்.

அதற்குள் அக்காவும் இறங்கி வந்து நின்றாள்.

"உன் கைக்கு ஒண்ணுமில்ல, கல்லுலதான் கோளாறு," என்றார் மாமா. "பள்ளமான கல்லுல தீட்டினா கத்தி வாய் வளைஞ்சு பலகையில முழுசாப் படியாது. என் உளியும் கோணலாத்தான் வருது. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லலை."

ஒரே கல் இருந்த வருஷமெல்லாம் அவள் இடது கை தேய்க்காமல் விட்ட பக்கத்தை அவர் வலது கை தேய்த்துச் சமன் செய்திருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. அட கடவுளே, இதற்காகவா இவர்கள் தினமும் அடித்துக்கொண்டார்கள்!

மாமா இரண்டு கல்லிலும் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்தார். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துத் தண்ணீர் விட்டார். இந்தப் பக்கம் அவர் தள்ள, அந்தப் பக்கம் அவள் தள்ளினாள்.

"மெதுவாங்க, உடைஞ்சிடப் போகுது!"

"முதல்ல நீ ஒழுங்காப் பிடி!"

கோடெல்லாம் அழிந்து கல் சமமாகிற வரை தேய்த்தார்கள். பிறகு அக்கா பொறுமையாகக் கத்தியைத் தீட்டி ஒரு வெங்காயத்தை நறுக்கினாள். துண்டுகள் தனித்தனியாகப் பலகையில் விழுந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள். புதுக்கல்லைக் காயவைத்துப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல் தூக்கி வைத்ததும் அவள்தான்.

மறுநாள் காலையில் கீழேயிருந்து வந்த சத்தத்தில்தான் விழித்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரங்க? எனக்கு வேலைக்கு நேரமாச்சு!"

"இரு, என் உளி எப்பவோ ஆச்சு. உனக்காகத்தான் இந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்கிறேன்."