சின்னக் கடை என்று எழுதியவர்

மாரியப்பன் ஒரு மசாலா கம்பெனியின் சேல்ஸ்மேன். நெல்லித்தோப்புக் கடைகளுக்குச் சரக்குப் போடும் லைன் பத்தொன்பது வருடமாக அவருடையது. மில் மூடியதும் வீட்டில் உட்கார்ந்துவிட்ட அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர். அதனால் கிடைத்த வேலையை விடவே மாட்டார். முட்டி வலியோடு மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போவார். அதே சந்துகளில் கடைகளுக்கு வேறொரு கம்பெனியின் சோப்பு போடுகிறவன் நான். பதினோரு மணி டீயில் தினமும் சந்திப்போம். அவர் சலித்துக்கொள்வார், நான் திட்டுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கடையைப் பற்றிக் கம்பெனி கேட்டால் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய கடை என்று எழுதினால் அடுத்த மாதமே டார்கெட் ஏறும். ஏறிய டார்கெட் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. நானும் அப்படித்தான் எழுதுகிறேன், யோக்கியன் வேஷம் போட மாட்டேன்.

இந்த வருடம் சர்வேயைப் போனிலேயே அனுப்பினார்கள். கடையில் ஃபிரிட்ஜ் உண்டா, ரேக் உண்டா, தினம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேள்விகள். நெல்லித்தோப்பில் மளிகை வைத்திருக்கும் செல்வாம்பாள் அக்கா கடையில் ஃபிரிட்ஜும் உண்டு, மூன்று ரேக்கும் உண்டு. பக்கத்து மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வருகிற கூட்டம் காலையில் வாசலை அடைத்து நிற்கும். மாரியப்பன் எல்லாவற்றுக்கும் இல்லை போட்டு, இருபது பேர், சின்னக் கடை என்று அழுத்திவிட்டார். மற்ற கடைகளுக்கும் அதே கதிதான்.

அடுத்த மாதம் ரெட்டியார்பாளையம் ஏஜென்சி மாடியில் அவர் கம்பெனி மீட்டிங்; நடந்ததை டீக்கடையில் அவரே சொன்னார். சூப்பர்வைசர் வினோத்குமார் ஊரையே மூன்று நிறமாகப் பிரித்து லேப்டாப்பில் காட்டினான். சின்னக் கடைகள் மட்டும் உள்ள இடம் சிவப்பு; நெல்லித்தோப்பும் சிவப்பு.

"இனிமே நம்ம மசாலா அட்டைப் பெட்டிலதாண்ணே வருது. சரமா தொங்குற பாக்கெட்டு கெடையாது. பொட்டிக் கடையில தொங்குற பொருள, கார்ல வந்து எறங்குறவங்க வாங்க மாட்டாங்க. நம்ம கஸ்டமர் யாருன்னு முடிவு பண்ணியாச்சி. செவப்பு லைன் எல்லாம் இந்த மாசத்தோட கட்."

"சார், சரக்கு ஓடுறதே அங்கதான்" என்றார் மாரியப்பன்.

"உங்க ரிப்போர்ட்ல அப்படி இல்லியேண்ணே."

விற்ற கணக்கெல்லாம் மொத்தமாக ஏஜென்சி பேரில் போகிறது. எந்தச் சந்தில் எவ்வளவு போயிற்று என்று கம்பெனிக்குத் தெரிய, மாரியப்பன் எழுதியதைத் தவிர வேறு வழியில்லை. எழுதியது பொய் என்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் லைன் போகும். லைன் போன சேல்ஸ்மேனை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு இன்னொரு இடம் யார் தரப் போகிறார்கள்? மனுஷன் உண்மையைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டார். இதில் எனக்கும் அடி உண்டு. அந்தச் சிவப்பில் பாதி என் கடைகளும்தான்.

கடைக்காரர்களிடம் அவரே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. செல்வாம்பாள் அக்காவிடம் போகும்போது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டார்.

"மசாலா வராதா? அத வாங்க வர்றவங்கதானே தம்பி புளி, எண்ணெயின்னு மத்ததும் வாங்குறாங்க. அவங்க பெரிய கடைக்குப் போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?" என்றார் அக்கா. "எங்க கடைக்கு என்னா கொறச்சலாம்?"

கம்பெனி மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மாரியப்பனுக்கு அதற்கும் தெம்பில்லை.

"சின்னக் கடைன்னு நான்தான்க்கா எழுதுனேன். டார்கெட்டு ஏறிடும்னு."

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஃபிரிட்ஜையும் ரேக்கையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் இந்தப் பக்கமே வந்ததில்ல, அவன் என்னா வேணா சொல்லிட்டுப் போறான். நீ தெனம் வந்து பாத்தவன். உனக்கும் இது சின்னக் கடையாத்தான் தெரிஞ்சிதா தம்பி?"