காலி இருக்கையும் இரண்டாம் கியரும்

கதை விடுகிறான் என்பவர்கள் வந்து என் வலது கை விரல் முட்டிகளைப் பார்க்கட்டும். அடிபட்டுக் கன்றிய நீலம் இன்னும் போகவில்லை.

மேற்கு வர்ஜீனியா மலைக்குள் இருந்துகொண்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று வலது கையால் கியர் போடும் பழைய காரை வாங்கிய மடையன் நான். முதல் நாளிலிருந்தே இரண்டாம் கியர் விழாது. கர்ர்ர்... என்று கத்தும். ஒரு குதி குதித்து நின்றுவிடும். மெக்கானிக் கர்மிட்டிடம் கொண்டுபோனேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினார். வெண்ணெய் போல விழுந்தது.

"கோளாறு வண்டில இல்லப்பா ராஸ்கோ. உன் இடது கால்ல இருக்கு" என்றார்.

அவரைப் பக்கத்தில் வைத்து நான் ஓட்டியபோதும் ஒழுங்காகவே விழுந்தது. தனியாக ஓட்டினால்தான் தகராறு. அதை நான் யோசிக்கவேயில்லை.

வியாழக்கிழமை மாலை 4.12. ஏழு மைல் இறக்கம். தனியாக வருகிறேன். எங்கள் பக்கத்தில் அதை இரண்டாம் கியரில்தான் இறங்குவோம். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிக் கைவிட்டுவிடும். கிளட்சை மிதித்தேன். கர்ர்ர்... மறுபடியும் கர்ர்ர்... எந்தக் கியரும் விழவில்லை. கார் தறிகெட்டு ஓடத் தொடங்கியது.

4.14. பிரேக் தீய்ந்த வாடை. மிதித்தால் மெத்தென்று உள்ளே போனது. செத்தேன் என்றே நினைத்தேன்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையின் பெல்ட் விளக்கு. அங்கே யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால்தான் மணியடித்து எரியும்.

இருக்கை காலி.

கியரைப் பிடித்தேன். விரல் முட்டியில் சுள்ளென்று ஓர் அடி...

கையை எடுத்தேன். கிளட்சை மட்டும் மிதித்தேன்.

கியர்... தானே நகர்ந்தது.

எஞ்சின் அலறியது. வேகம் அடங்கியது.

டிங்... அடிவாரம்வரை நிற்கவில்லை.

மறுநாள் கர்மிட் கியர்பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு முன்னாடி இது டெல்பர்ட்னு ஒருத்தன் வண்டி. சுரங்கத்துல வலது கை போச்சு அவனுக்கு. அவன் கிளட்ச மிதிப்பான், பக்கத்துல பொண்டாட்டி ஒனீடா கியர் போடுவா. வேற யாரு கியரத் தொட்டாலும் கைலயே ஒரு அடி வைப்பா. அந்த எறக்கத்துலதான், பெல்ட் போடாம வெளிய விழுந்து செத்தா."

"உடனே வித்துட்டாரா?"

"இல்ல. ஆறு மாசம் தனியா ஓட்டினான்." கர்மிட் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கியர் விழும்போதுகூட அந்த ஒத்தக் கை ஸ்டியரிங்க விட்டு நகர்ந்து நான் பார்த்ததேயில்ல."